காய்ச்சல் நாளில் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாமா? சிறுநீரக நோயாளியின் உடலுக்குள் நடப்பது என்ன?

மலேசியாவில் 50,000-க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸ் சிகிச்சையை நம்பி வாழ்கின்றனர். புதிதாக இச்சிகிச்சையைத் தொடங்குவோரில் பாதிப் பேருக்கும் அதிகமானோருக்கு மூலகாரணம் இனிப்பு நீர். அந்நோய் இந்தியர்களிடையே அதிகமாக இருப்பதை நாட்டின் சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. தோட்டமோ பட்டணமோ, டயாலிசிஸ் செய்யும் ஒருவராவது இல்லாத உறவு வட்டம் இன்று நம்மிடையே குறைவு.

இவர்களில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சலோ டிங்கியோ கோவிட்-19 தொற்றோ வந்துவிட்டால், பெரும்பாலான வீடுகளில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. “உடம்பு முடியல, இன்று டயாலிசிஸ் வேண்டாம், ஓய்வெடுக்கட்டும்” என்று ஒரு முறை சிகிச்சை தள்ளிப்போகிறது. “வாய் கசக்கிறது” என்பதால் கஞ்சித் தண்ணீரோடு சாப்பாடு நின்றுவிடுகிறது. “காய்ச்சலுக்கு நிறையக் குடிக்கணும்” என்று இளநீரும் பழச்சாறும் வரிசையாக வருகின்றன.

மூன்றும் அன்பினால் செய்வதுதான். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இவற்றால் பெரிய தீங்கு நேராது. ஆனால், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் காய்ச்சலை விடப் பெரிய ஆபத்தாக முடியலாம். காரணம், வைரஸ் தொற்றின்போது உடலின் வளர்சிதை மாற்றம், அதாவது உணவைச் சக்தியாக்கிக் கழிவை வெளியேற்றும் வேலை, முற்றிலும் வேறு பாதையில் ஓடத் தொடங்குகிறது.

உடல் தன்னையே எரிக்கத் தொடங்கும்

காய்ச்சல் என்பது உடல் வைரஸோடு நடத்தும் போர். போருக்குச் செலவு உண்டு. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுகிறது. அதே நேரத்தில் பசி செத்துவிடுகிறது. செலவு ஏறுகிறது, வரவு நின்றுவிடுகிறது.

சாதாரணமாக ஒருவர் சாப்பிடாமல் இருந்தால், உடல் சில நாள்களில் கொழுப்பை எரிக்கப் பழகிக்கொண்டு தசையைப் பெரும்பாலும் காப்பாற்றும். தொற்றுக் காலத்தில் அந்தச் சிக்கனம் நடப்பதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் அழற்சி வேதிப்பொருள்களும், கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்களும் தசையிலுள்ள புரதத்தை உடைக்கும்படி கட்டளையிடுகின்றன. உடைந்த புரதத்தைக் கொண்டு கல்லீரல் சர்க்கரையும், தொற்றை எதிர்க்கத் தேவையான வேறு புரதங்களும் தயாரிக்கிறது.

டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்குத் தசை ஏற்கெனவே மெலிந்திருக்கும். ஒவ்வொரு முறை இரத்தம் சுத்திகரிக்கப்படும்போதும் 6 முதல் 12 கிராம் வரை புரதத்தின் மூலக்கூறுகளான அமினோ அமிலங்கள் வெளியேறிவிடுகின்றன. இருப்பு குறைவாக உள்ளவரின் சேமிப்பில்தான் காய்ச்சல் கை வைக்கிறது.

ஒரு கிலோ தசை கரைந்தால்...

“ஒன்றுமே சாப்பிடவில்லையே, பிறகு எப்படி பொட்டாசியம் ஏறும்? யூரியா ஏறும்?” என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. அதற்கான விடை தசையில் இருக்கிறது.

ஒரு கிலோ தசையில் ஏறக்குறைய 200 கிராம் புரதமும் மூன்றரை கிராம் பொட்டாசியமும் உள்ளன. அந்தத் தசை கரையும்போது புரதத்திலிருந்து ஏறக்குறைய 70 கிராம் யூரியா உருவாகலாம். தசைக்குள் அடங்கியிருந்த பொட்டாசியம் இரத்தத்துக்குள் வந்து சேர்கிறது. ஒரு குவளை இளநீரில் ஏறக்குறைய அரை கிராம் பொட்டாசியம் இருப்பதாகக் கொண்டால், ஒரு கிலோ தசையை இழப்பது ஏழு குவளை இளநீர் குடித்ததற்குச் சமம்.

நல்ல சிறுநீரகம் இவற்றைச் சிறுநீரில் கழித்துவிடும். செயலிழந்த சிறுநீரகத்துக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. டயாலிசிஸ் இயந்திரம் மட்டுமே வெளியேறும் வாசல். எனவே, பட்டினி கிடக்கும் நோயாளியின் இரத்தத்திலும் கழிவு ஏறிக்கொண்டே போகும்.

உடலிலுள்ள மொத்தப் பொட்டாசியத்தில் 98 விழுக்காடு உயிரணுக்களுக்குள்தான் இருக்கிறது. இரத்தத்தில் மிதப்பது மிகச் சிறிய பங்கு. வழக்கமான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். அது 6-ஐத் தாண்டும்போது இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் ஆபத்து கூடுகிறது. கால்கள் துவளுவது, நெஞ்சு படபடப்பது போன்றவை சிலருக்கு முன்னறிவிப்பாகத் தெரியலாம். பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலேயே இதயம் தடுமாறும்.

இதோடு அமிலமும் சேர்கிறது. புரதம் உடையும்போது அமிலம் உருவாகும். அதையும் வெளியேற்ற வேண்டியது சிறுநீரகமே. இரத்தத்தில் அமிலம் கூடினால் உயிரணுக்களிலிருந்து இன்னும் கொஞ்சம் பொட்டாசியம் வெளிவரலாம். தசையும் மேலும் வேகமாக உடையும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது.

ஆகவே, காய்ச்சல் காலத்தில் டயாலிசிஸின் தேவை குறைவதில்லை; கூடுகிறது. வாரம் மூன்று முறை செய்பவர்களுக்கு வார இறுதியில் வரும் நீண்ட இடைவெளியே ஆபத்து கூடிய காலம் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. காய்ச்சலைக் காரணம் காட்டி ஒரு முறையைத் தவறவிட்டால், அந்த இடைவெளி நான்கைந்து நாள்களாக நீண்டுவிடும்.

தொற்று உள்ளவர் வந்தால் மற்றவர்களுக்குப் பரவுமே என்ற தயக்கம் நியாயமானது. அதற்கு வழி, வராமல் இருப்பதன்று. புறப்படும் முன் நிலையத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தால், தனி நேரமோ தனி இடமோ ஏற்பாடு செய்வார்கள். இல்லையேல் மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள். பலரோடு வேனில் பயணம் செய்பவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இரு பக்க ஆபத்து

தொற்றின்போது சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதனால், சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரை ஏறலாம். கோவிட்-19 சிகிச்சையில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டால் இன்னும் ஏறும்.

ஆனால், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. ஊசியில் போடும் இன்சுலினில் கணிசமான பங்கை உடலிலிருந்து அகற்றுவது சிறுநீரகம்தான். அது வேலை செய்யாதபோது இன்சுலின் உடலில் நீண்ட நேரம் தங்குகிறது. பட்டினி நேரத்தில் சர்க்கரை தயாரிப்பதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு; அதுவும் குறைந்துவிடுகிறது. இந்நிலையில் வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டால், நள்ளிரவில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு ஆகியவற்றைக் காய்ச்சலின் வேலை என்று நினைத்துவிடுவது எளிது.

எனவே, காய்ச்சல் நாள்களில் உணவு வேளைக்கு முன்னும் படுக்கும் முன்னும் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்ப்பது அவசியம். இன்சுலினைத் தாமாகவே நிறுத்தவும் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு பழைய அளவைப் போடவும் கூடாது. அளவை மாற்றுவது குறித்து மருத்துவரிடமோ தாதியரிடமோ கேட்டறிய வேண்டும்.

டிங்கியில் தண்ணீர்க் கணக்கு

டிங்கிக் காய்ச்சல் கண்டவர் நிறைய நீராகாரம் எடுக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. சிறுநீரே போகாத ஒருவருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

டிங்கி கடுமையாகும்போது, பெரும்பாலும் காய்ச்சல் தணியும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்குகிறது. குழாய்க்குள் இரத்தம் கெட்டியாகி அழுத்தம் குறைகிறது. அந்நேரத்தில் டயாலிசிஸ் மூலம் அதிக நீரை எடுத்தால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். ஓரிரு நாள் கழித்துக் கசிவு நின்றதும், வெளியே தேங்கிய நீர் மீண்டும் குழாய்க்குள் திரும்புகிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவர் அதைச் சிறுநீராகக் கழித்துவிடுவார். டயாலிசிஸ் நோயாளிக்கு அது நுரையீரலில் போய் நிற்கும், மூச்சு முட்டும்.

இன்னொன்றும் உண்டு. டயாலிசிஸ் இயந்திரத்தில் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் எனும் மருந்து சேர்க்கப்படுகிறது. டிங்கியில் பிளேட்லெட் எண்ணிக்கை சரிந்திருக்கும்போது அது இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். ஹெப்பரின் இல்லாமலும் டயாலிசிஸ் செய்ய முடியும். ஆனால், டிங்கி இருப்பது நிலையத்துக்குத் தெரிந்தால்தானே அது நடக்கும்? டிங்கி பரவும் வட்டாரத்தில் வசிப்பவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு டிங்கி உறுதியானால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே பாதுகாப்பு.

பிளேட்லெட் ஏறும் என்று பப்பாளி இலைச் சாறு, நண்டு சூப் கொடுப்பது நம் நாட்டில் பரவலான வழக்கம். சிறுநீரக நோயாளிக்கு இலைச் சாறுகளும் சூப்புகளும் கணக்கில் வராத பொட்டாசியத்தையும் உப்பையும் நீரையும் சேர்க்கக்கூடும். மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ‘பிளிம்பிங்’ எனப்படும் நட்சத்திரப் பழமும் அதன் சாறும் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு நஞ்சு. விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

எடை குறையவில்லை, ஆனால் தசை போய்விட்டது

டயாலிசிஸ் முடிந்து எழும்போது இருக்க வேண்டிய எடையை நிலையங்களில் ‘டிரை வெயிட்’ என்பார்கள். ஒருவரின் டிரை வெயிட் 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் காய்ச்சலில் அவர் இரண்டு கிலோ தசையும் கொழுப்பும் இழந்துவிட்டார். இப்போது அவருடைய உண்மையான எடை 58. ஆனால், நிலையத்தின் பதிவில் 60 என்றே இருக்கிறது. சிகிச்சை முடிந்து 60 கிலோவில் எழுந்தால், “எடை சரியாக இருக்கிறது” என்று எல்லாரும் திருப்தி அடைவார்கள். உண்மையில் இரண்டு லிட்டர் நீர் உடலுக்குள்ளேயே தங்கியிருக்கிறது.

காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து இரத்த அழுத்தம் ஏறுவது, படுத்தால் மூச்சு வாங்குவது, கால் வீங்குவது ஆகியவற்றுக்கு இது ஒரு முக்கியக் காரணம். காய்ச்சலில் சாப்பிடாமல் இருந்ததைச் சொல்லி, டிரை வெயிட்டை மறுபடியும் கணிக்கும்படி கேட்க வேண்டும்.

அதே வாரங்களில் இரத்தச் சோகையும் கூடலாம். அழற்சியின்போது உடல் இரும்புச் சத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும்; இரத்தம் ஊறுவதற்காகப் போடும் ஊசி வழக்கம்போல் வேலை செய்யாது. ஹீமோகுளோபின் இறங்கினால் மருந்தைக் குறை சொல்லி நிறுத்திவிடக் கூடாது. தொற்று அடங்கிய பின் பெரும்பாலும் நிலைமை சீராகும்.

காய்ச்சல் குறைவாகக் காட்டலாம்

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் வழக்கமான உடல் வெப்பமே மற்றவர்களை விடச் சற்றுக் குறைவாக இருப்பதுண்டு. நோய் எதிர்ப்பு ஆற்றலும் மந்தமாக இருக்கும். அதனால், கடும் தொற்றிலும் வெப்பமானி 37.5 என்று காட்டி ஏமாற்றலாம். திடீர்ச் சோர்வு, குழப்பம், குளிர் நடுக்கம், மூச்சு வாங்குதல் ஆகியவற்றை எண்ணை விட முக்கியமாகக் கருத வேண்டும்.

எல்லாக் காய்ச்சலும் வைரஸும் அன்று. கழுத்தில் அல்லது நெஞ்சில் குழாய் பொருத்தியவருக்கு, டயாலிசிஸ் தொடங்கியதும் குளிர் நடுக்கம் வந்தால் அது குழாய் வழியாக இரத்தத்தில் பாக்டீரியா கலந்ததன் அறிகுறியாக இருக்கலாம். வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவருக்குப் பையில் வரும் நீர் கலங்கலாக இருந்தால் அது வயிற்றுக்குள் தொற்று. இவ்விரண்டுக்கும் அன்றைய தினமே சிகிச்சை தேவை.

கடையில் வாங்கும் மாத்திரை

உடல் வலிக்கு மருந்தகத்தில் எளிதில் கேட்டு வாங்கும் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனக், மெஃபெனாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் மீதமுள்ள சிறுநீரகச் செயல்பாட்டையும் கெடுக்கும். டிங்கி இருந்தால் இரத்தக் கசிவையும் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் போதும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகைகளில் சோடியம் அதிகம். சாதாரண மாத்திரையே நல்லது.

இன்ஃபுளுவென்சாவுக்கான மருந்தும், அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிரும் உடலிலிருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுபவை. முழு அளவில் கொடுத்தால் உடலில் தேங்கிவிடும். அசைக்ளோவிர் தேங்கினால் நோயாளி பிதற்றத் தொடங்குவதும் உண்டு. ஆகவே, எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதல் வார்த்தையாக “டயாலிசிஸ் நோயாளி” என்று சொல்வது உயிர் காக்கும் பழக்கம்.

பட்டினி மருந்தாகாது

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று சொல்லிப் பட்டினி போடும் வழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. டயாலிசிஸ் நோயாளிக்கு அது பொருந்தாது. அவருக்கு நாள்தோறும் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். மூன்று கிண்ணம் வெறும் அரிசிக் கஞ்சியில் கிடைப்பதோ ஏறக்குறைய 10 கிராம்தான்.

கஞ்சியை நிறுத்த வேண்டியதில்லை. அதற்குள் புரதத்தைச் சேர்க்க வேண்டும். பிய்த்துப் போட்ட கோழி, முள் நீக்கிய மீன், அடித்து ஊற்றிய முட்டை வெள்ளைக் கரு ஆகியவை எளிதில் உள்ளே போகும். கஞ்சி கெட்டியாக இருந்தால் நீரும் குறையும். மூன்று வேளை முடியாவிட்டால் ஆறு முறை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கொஞ்சம் எண்ணெய் சேர்ப்பது சக்தியைக் கூட்டும். இரண்டு நாளுக்கு மேல் பாதிச் சாப்பாடுகூட இறங்கவில்லையென்றால், உணவியல் நிபுணர் பரிந்துரைக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கான சத்துப் பானம் உதவும்.

இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவர்கள்

சிறுநீரகம் பாதி பழுதான நிலையில் மாத்திரையோடு காலந்தள்ளுபவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. வாந்தி, வயிற்றுப்போக்குடன் காய்ச்சல் வந்து உடலில் நீர் வற்றினால், எஞ்சிய சிறுநீரகமும் சில நாள்களில் முடங்கலாம். அந்நேரத்தில் மெட்ஃபோர்மின், சில இரத்த அழுத்த மாத்திரைகள், நீர் மாத்திரை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். எதை, எத்தனை நாளைக்கு என்பதை நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது சிறந்தது.

வீட்டில் நினைவில் வைக்க வேண்டியவை

• காய்ச்சல் கண்ட அன்றே டயாலிசிஸ் நிலையத்துக்குத் தெரிவிக்கவும். சிகிச்சையைத் தவறவிடவோ, நான்கு மணி நேரத்தைப் பாதியில் நிறுத்தவோ வேண்டாம்.

• இளநீர், பழச்சாறு, எலும்பு சூப், டின்னில் வரும் ஐசோடானிக் பானம் ஆகியவற்றைத் தாமாகக் கொடுக்க வேண்டாம். எவ்வளவு நீர் குடிக்கலாம் என்பதை அன்றைய நிலைமைக்கேற்ப மருத்துவக் குழுவிடம் கேட்கவும்.

• காலையும் மாலையும் எடை, வெப்பம், இரத்த அழுத்தம். இனிப்பு நீர் இருந்தால் சர்க்கரை அளவு. இவற்றை ஒரு தாளில் குறித்து, டயாலிசிஸுக்குப் போகும்போது கையோடு கொண்டு செல்லவும்.

• கை ஊசிப் பாதையில் அதிர்வு தெரிகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கவும். இரத்த அழுத்தம் இறங்கினால் அது அடைத்துக்கொள்ளக்கூடும்.

• நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கால்கள் திடீரெனத் துவளுதல், மயக்கம், குழப்பம், நிற்காத இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 999-ஐ அழைக்கவும்.

வருமுன் காப்பதும் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகோக்கல் தடுப்பூசி ஆகியவை டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படுபவை. அவர்களின் உடல் தடுப்பூசிக்கு மற்றவர்களைப் போல் வலுவாகப் பதில் தருவதில்லை என்பதால், அதே வீட்டில் வசிப்பவர்களும் போட்டுக்கொள்வது கூடுதல் அரண். சளி பிடித்த பேரப்பிள்ளை முகக்கவரி அணிவதும், வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டுவதும் அந்த அரணின் பகுதிகளே.